ஸ்கார்ஃபைத் திருப்பி வாங்கிட்டாங்க

போன மாசம் எங்க அக்கா பொண்ணு சாரணி ஆயிட்டா. ஆனதா போட்டோ இருக்கு.

ஏழாவது படிக்கிறா. "சித்தி, நாளைக்கு எங்களுக்கு இன்வெஸ்டிச்சர். நீங்க அந்தக் காலத்துல கைடுதானே, வாங்க"ன்னு கூப்பிட்டா. அந்தக் காலமாம்! சரின்னு போனேன். எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லப் போறதில்லை. சொன்னா அந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திட்டிட்டு மத்தவங்க எல்லாம் தப்பிச்சிருவாங்க. இது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்துவட்டாரத்துல எங்கே வேணும்னாலும் நடந்திருக்கலாம்.

காலைல 9 மணிக்குப் பிள்ளைகளை மைதானத்துல வரிசையா நிக்க வெச்சாச்சு. சிறப்பு விருந்தினர் வந்தது 11 மணிக்கு மேல. நடுவுல ரெண்டு பிள்ளைக மயங்கி உட்கார்ந்தாங்க. முதலுதவி செய்யத் தெரிஞ்ச இயக்கத்தோட விழாவுல, மயங்கின பிள்ளையைச் சுத்தி 20 பேர் காத்து வராம நின்னுக்கிட்டு "சோடா வாங்கிட்டு வா"ன்னு கத்தினாங்க. விருந்தினர் வந்தார். சால்வை, பொன்னாடை, நினைவுப் பரிசு. அப்புறம் 64 பிள்ளைகளும் ஒரே குரல்ல, ஒரே மூச்சுல, இங்கிலீஷ்ல உறுதிமொழி சொன்னாங்க. விருந்தினர் முன்வரிசையில மூணு பேருக்கு ஸ்கார்ஃப் போட்டார். மூணும் போட்டோ. மிச்சம் 61 பேரும் "ம், போட்டுக்கோங்க"ன்னு டீச்சர் சொன்னதும் தாங்களே கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து 7 நிமிஷம்.

இதோட விட்டிருந்தா நானும் வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு மறந்திருப்பேன். விழா முடிஞ்சதும் ஒரு அண்ணாச்சி அட்டைப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. எல்லாப் பிள்ளைகளும் ஸ்கார்ஃபையும், வாகிளையும், பேட்ஜையும் கழட்டி அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போனாங்க. ஏன்னு கேட்டேன். "அடுத்த வருஷத்துக்கு வேணும்ல மேடம்"னாரு. ரொம்ப சாதாரணமா.

எங்க வீட்டுப் பிள்ளை வெறுங்கழுத்தோட வந்து நின்னு, "முடிஞ்சிருச்சு சித்தி, போலாம்"ங்கறா. எனக்கு வந்த கோபம் இருக்கே...

கல்யாண மண்டபத்துல தாலி கட்டி, போட்டோ எடுத்துட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு வேணும்னு தாலியைத் திருப்பி வாங்கினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு. மிகைன்னு நினைக்கிறவங்க அந்த ஸ்கார்ஃப் என்னன்னு தெரியாதவங்க. அவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்துல ஒரு பொண்ணு சேர்ந்த உடனே சாரணி ஆகிட முடியாது. குறைஞ்சது மூணு மாசம் பழகணும். இயக்கத்தோட கதை, சட்டம், உறுதிமொழி, கொடி, சல்யூட், சீருடையை எப்படிச் சரியா போடணும், பேடன் பவல் சொல்லிக்கொடுத்த ஆறு உடற்பயிற்சி, தினம் ஒரு நல்ல காரியம் எல்லாம் கத்துக்கணும். இதுக்குப் பேரு பிரவேஷ். அதை முடிச்சப்புறம்தான் விழா. கம்பெனி முழுக்கக் குதிரை லாட வடிவத்துல நிக்கும். அணித்தலைவி புதுப் பொண்ணைக் கேப்டன் முன்னாடி கூட்டிட்டு வருவா. கேப்டன் அந்தப் பொண்ணோட பேரைச் சொல்லி, உன்னோட மானம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா, உன்னை நம்பலாமாங்கிற மாதிரிக் கேள்வி கேப்பாங்க. அவ தனியா, தன் வாயால, மூணு விரலை உயர்த்தி உறுதிமொழி சொல்லணும். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, மத்தவங்களுக்கு உதவி, சாரணியர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். மூணு விரல் அந்த மூணுக்கு. கடவுள்ங்கற இடத்துல விருப்பப்பட்டா தர்மம்னு சொல்லிக்கலாம். அது அவளோட உரிமை. இப்படி ஒரு தேர்வு இருக்குன்னு அந்த 64 பேர்ல ஒருத்திக்குக் கூடத் தெரியாதுங்கறது என் பந்தயம்.

அப்புறம் கேப்டன் ஸ்கார்ஃபைப் போட்டு, உறுப்பினர் பேட்ஜைக் குத்தி, இடது கையால கை குலுக்குவாங்க. (நம்ம ஊர்ல இடது கையை நீட்டினா முதுகுல விழும். சாரணர் உலகத்துல அதுதான் மரியாதை. முதல் தடவை எனக்குக் கை நடுங்கிச்சு.) அவ திரும்பி நின்னு கம்பெனிக்கு சல்யூட் அடிச்சிட்டுத் தன் அணிக்குப் போய்ச் சேருவா. ஒருத்திக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். 64 பேருன்னா ரெண்டு மணி நேரம் ஆகும், யாரு உட்காருவாங்கன்னு கேக்கறீங்களா? அதனாலதான் 64 பேரை ஒரே நாள்ல செய்யக்கூடாது. ஒரு அணிக்கு 6-லேர்ந்து 8 பேரு. ஒரு நாளைக்கு ஒரு அணி. விருந்தினரே வேண்டாம். அது கேப்டனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவுல நடக்கற விஷயம். நடுவுல ஒரு அதிகாரிக்கு என்ன வேலை?

அந்த ஸ்கார்ஃப் விஷயத்துக்கு வர்றேன். அது கழுத்து அலங்காரம் இல்லை. அது முக்கோணக் கட்டு. கை ஒடிஞ்சா தொட்டில், தலையில அடிபட்டா கட்டு, கால் சுளுக்கினா பட்டை. ரெண்டை முடிஞ்சா கயிறு. அதனாலதான் எப்பவும் கழுத்துல இருக்கணும். ராஜபாளையத்துப் பக்கத்துல சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணி உலகம் பூரா ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. அந்தத் தறிச் சத்தம் கேட்டு வளர்ற பிள்ளைக்கு ஒரு முக்கோணத் துணியால கையைத் தூக்கிக் கட்டத் தெரியலை. தெரிஞ்சுக்கத் துணியும் இல்லை. அது அட்டைப் பெட்டிக்குள்ள தூங்குது.

காசு இல்லை, அதான் திருப்பி வாங்குறோம்னு சொல்வாங்க. ஒரு ஸ்கார்ஃப் என்ன பட்டுப்புடவை விலையா? சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவழிச்சதுல 64 பிள்ளைக்கும் சொந்தமா துணி வெட்டி ஓரம் தைச்சுக் கொடுத்திருக்கலாம். ஓரம் தைக்கறதையே பிள்ளைகளைச் செய்ய வெச்சிருக்கலாம்.

இப்ப என் கதை. இதைச் சொல்லாம மத்தவங்களைத் திட்டுறது நியாயம் இல்லை.

எங்க மாவட்டம் காமராஜர் மாவட்டமா இருந்த காலம். விருதுநகர்னு பேர் மாறினது 1997-ல. அதுக்கு முந்தி, நான் எட்டாவது. எங்க கேப்டன் டீச்சர் கண்டிப்பானவங்க. இன்வெஸ்டிச்சரை மைதானத்துல வைக்க மாட்டேன்னுட்டாங்க. அய்யனார் கோவிலுக்கு நடந்து போய், ஆத்தங்கரையில காலைல வைக்கறதுன்னு முடிவு. வெளியூர்க்காரங்களுக்கு: ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்துல, நீர் காத்த அய்யனார் கோவில்னு ஒண்ணு இருக்கு. முடங்கியார் ரோட்டைப் பிடிச்சு, மாந்தோப்புகளைத் தாண்டி, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் போகணும். நாங்க குடிக்கற தண்ணி அந்த மலையிலேர்ந்து வர்றதுதான். பாறைக்கு நடுவுல ஆறு ஓடும். ஊர்ல எந்தப் பையனைக் கேட்டாலும் அங்கே குளிச்சிருப்பான். பொண்ணுகளைக் கேட்டா, வீட்டோட வேன்ல போய் சாமி கும்பிட்டுட்டு வந்திருப்பா.

மூணு மாசம் பயிற்சி. நான் அணித்தலைவி. என் அணியில ஒரு பொண்ணு இருந்தா. பேரு வேண்டாம். முடிச்சுப் போடறதுல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. ரீஃப் நாட், ஷீட் பெண்ட், கிளவ் ஹிட்ச், போலைன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவா. எனக்கே அவதான் ஷீப் ஷேங்க் சொல்லிக் கொடுத்தா. கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவ என்கிட்ட வந்து காதுக்குள்ள சொன்னா. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. டீச்சர்கிட்ட சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "கோவிலுக்குப் போறோம்ல... அவ அடுத்த தடவை எடுத்துக்கட்டும்"னாங்க.

நான் ஒண்ணும் சொல்லலை. சரிங்க டீச்சர்னு வந்துட்டேன்.

மறுநாள் நாங்க எல்லாரும் இருட்டோட கிளம்பிப் போனோம். ஆத்தங்கரையில குதிரை லாடமா நின்னோம். சூரியன் ஊர்ப்பக்கம் எழும்பி மலை மேல வெளிச்சம் இறங்குறப்ப ஒவ்வொருத்தியாப் போய் உறுதிமொழி சொன்னோம். இன்னைக்கு வரைக்கும் அந்தத் தண்ணிச் சத்தம் காதுல இருக்கு. என் வாழ்க்கையில நான் தனியா, பெரியவ மாதிரி, என் வார்த்தையைக் கொடுத்த முதல் நாள் அது. நல்ல நாள்தான். அதுல மறுப்பில்லை. ஆனா அந்த "அடுத்த தடவை" வரவே இல்லை. அவ ரெண்டு வாரம் கழிச்சுக் கம்பெனியை விட்டு நின்னுட்டா. யாரும் ஏன்னு கேக்கலை. எல்லாருக்கும் தோழி, எல்லாச் சாரணிக்கும் சகோதரின்னு சட்டத்தை ஒப்பிச்சிட்டு வந்த அணித்தலைவி நானும் கேக்கலை.

ஆக, மைதானத்துல 7 நிமிஷத்துல முடிக்கறவங்களை மட்டும் குறை சொல்றதுக்கு நான் இங்கே வரலை. நல்லா செஞ்சவங்க கிட்டயும் ஓட்டை இருந்துச்சு. பொம்பளப் பிள்ளைகளோட உடம்பு ஒண்ணு இருக்குங்கறதை ஏத்துக்காம சாரணியர் இயக்கம் நடத்த முடியாது. நடத்தினா, பிள்ளைக ஒவ்வொண்ணா சத்தமில்லாம நின்னு போகும்.

இதுக்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானமா? நடைப்பயணம் ஆத்தங்கரையில முடியட்டும். சன்னிதியில முடிய வேண்டாம். கோவிலுக்குள்ள போக விரும்புறவ போகட்டும், விரும்பாதவ கரையில உட்கார்ந்து சோறு கட்டினதைப் பிரிக்கட்டும். யார் ஏன் போகலைன்னு யாரும் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான். முதலுதவிப் பெட்டியில டிஞ்சர், பஞ்சு, கத்தரிக்கோலோட நாப்கினும் இருக்கணும், கேட்டு வாங்க வேண்டிய இடத்துல இல்லாம எடுத்துக்கற இடத்துல இருக்கணும். வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கற புதுயுகம் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011-லயே அறிவிச்சாச்சு. அரசாங்கமே வாய் திறந்து பேசின விஷயத்தை நாம இன்னும் காதுக்குள்ள சொல்லிட்டிருக்கோம். உபயோகிச்சதைக் காகிதத்துல சுத்தி, தனிப் பையில போட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டு வரணும். காட்டுல போட்டுட்டு வரக்கூடாது, அது எந்தக் குப்பையா இருந்தாலும். முகாம்னா, கூடாரம் அடிக்கறதுக்கு முந்தி மறைப்புக் கட்டணும். நாலு கம்பு, ரெண்டு பழைய சேலை, எட்டு கிளவ் ஹிட்ச். முடிச்சு கத்துக்கறது இதுக்குத்தான், பரீட்சைப் பேப்பர்ல படம் வரையறதுக்கு இல்லை.

துப்பட்டா பத்தியும் சொல்லிடறேன். அந்த விழாவுல எல்லாப் பிள்ளைக்கும் துப்பட்டாவை வி மாதிரி மடிச்சு ரெண்டு தோள்லயும் பின் குத்தி, அதுக்கு மேல ஸ்கார்ஃப். பேட்ஜ் எங்கே இருக்குன்னு தேடணும். ஒரு பொண்ணு உழைச்சு வாங்கின சின்னத்தை மறைக்கிற துணியை அவளோட சீருடைன்னு சொல்றது எப்படின்னு எனக்குப் புரியலை. பாறை ஏறுறப்ப அது மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சவங்க யாரும் இல்லை. பாறை ஏறப் போறதே இல்லையே, அப்புறம் எதுக்கு யோசிக்கணும்?

அணிப் பேரு இன்னொரு கூத்து. பையன்களோட அணிக்கு விலங்கு, பறவைப் பேரு. புலி, சிங்கம், கழுகு. பொண்ணுகளுக்குப் பூ. ரோஜா, தாமரை, மல்லிகை, லில்லி. நான் ரோஜா அணித்தலைவியாம். எங்க மலையில 1988-லேர்ந்து சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கு. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் வந்தாச்சு. காலடியில புலி இருக்கற ஊர்ல பொண்ணுக்கு லில்லி. லில்லியை எங்க ஊர்ல எத்தனை பேர் பார்த்திருக்காங்க? அட, குறைஞ்சபட்சம் அணிலாவது கொடுங்கப்பா. மரத்துக்கு மரம் தாவும்.

இதெல்லாம் சின்ன விஷயம், சின்னத்துல என்ன இருக்குன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்தான் தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்குன்னு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் பெருமை பேசுற ஊர்க்காரர் அவரு. சின்னத்துல ஒண்ணும் இல்லைன்னா அந்தப் பெருமை எதுக்கு சார்?

கொஞ்சம் பழைய கதையும் பார்க்கலாம். 1909-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல பேடன் பவல் சாரணர் அணிவகுப்பு நடத்துறார். பையன்களுக்காக. அழைப்பே இல்லாம ஒரு கூட்டம் பொண்ணுக வந்து நின்னு நாங்களும் சாரணர்தான்னு சொல்லுது. அதுக்கப்புறம்தான் 1910-ல அவரோட தங்கை ஆக்னஸ் தலைமையில கேர்ள் கைட்ஸ். அந்த 'கைட்ஸ்'ங்கற பேரை எங்கேருந்து எடுத்தாரு தெரியுமா? அன்னைக்கு இந்தியாவோட வடமேற்கு எல்லையில இருந்த கைட்ஸ் படைப்பிரிவிலேருந்து. மலையில துணிஞ்சு வழி கண்டுபிடிச்சுப் போறதுக்குப் பேர் போன ஆட்கள். அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நாம பொண்ணுகளைச் சந்தனக் கிண்ணம் பிடிக்க வெச்சிருக்கோம். எந்த விழாவா இருந்தாலும் பாருங்க. பையன்கள் கொடி மரத்துக்கிட்ட, பொண்ணுக வாசல்ல பன்னீர்ச் சொம்போட.

இந்தியாவுல 1911-ல ஜபல்பூர்ல கைட்ஸ் ஆரம்பிச்சப்ப அது வெள்ளைக்காரப் பொண்ணுகளுக்கு மட்டும். நம்ம பிள்ளைகளைச் சேர்த்துக்கலை. சாரணர் இயக்கத்துல இந்தியப் பையன்களை விடலைன்னுதான் அன்னி பெசண்ட் அம்மா 1916-ல சென்னையில தனியாவே ஒரு சாரணர் சங்கம் ஆரம்பிச்சாங்க. ஒரு பொம்பளை ஆரம்பிச்சது, நம்ம மதராஸ்ல. விடுதலைக்கு அப்புறம் 1950 நவம்பர் 7-ல சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பாரத சாரணர் இயக்கமாச்சு, 1951 ஆகஸ்ட் 15-ல கேர்ள் கைட்ஸும் வந்து சேர்ந்தது. இந்த வரலாற்றைப் பிரவேஷ்ல மனப்பாடம் பண்ண வைக்கறாங்க. தேதியை மட்டும். கூப்பிடாத இடத்துக்குப் பொண்ணுக போய் நின்னதாலதான் இந்த இயக்கமே வந்ததுங்கறதை யாரும் சொல்றதில்லை.

சரி, அய்யனார் கோவிலுக்கு ஏன் கூட்டிட்டுப் போறதில்லைன்னு அந்தப் பள்ளிக்கூடத்துல கேட்டேன். பதில் தயாரா இருந்துச்சு. ஆத்துல திடீர்னு வெள்ளம் வரும். வனத்துறை விடாது. புலி இருக்கு. குரங்கணி ஞாபகம் இருக்கா மேடம்?

இருக்கு. 2018 மார்ச் 11. குரங்கணி மலைக்காட்டுத் தீ. 23 பேர் போயிட்டாங்க, அதுல நிறையப் பேர் பெண்கள். அந்தச் செய்தியை நான் சாதாரணமா எடுத்துக்கலை. அய்யனார் கோவில் ஆத்துலயும் வெள்ளம் வந்து மறுகரையில மாட்டிக்கிட்டவங்களைக் கயிறு கட்டி மீட்டது நடந்திருக்கு. ஆபத்து நிஜம். அதனாலதான் பிள்ளைகளுக்குக் கத்துக்கொடுன்னு சொல்றேன். கீழே வெயில் அடிச்சாலும் மேலே மலையில மழை பெய்ஞ்சா ஆறு ஏறும். தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கலங்கினா, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தா, சத்தம் மாறினா, அந்த நிமிஷமே மேடான கரைக்கு ஏறணும். ஏறுறதும் ஊர் இருக்கற பக்கத்துக் கரையில. செருப்பை எடுக்கத் திரும்பக் கூடாது. இதை ஒரு பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். இது தெரியாத பொண்ணு நாளைக்குக் குடும்பத்தோட வேன்ல போய் அதே ஆத்துலதான் இறங்கப் போறா. அப்ப யார் பொறுப்பு?

காட்டுக்குள்ள போக வேண்டாம். வனத்துறை வேண்டாம்னா வேண்டாம்தான், அனுமதி இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது, அதுவும் பாடம்தான். நீர்த்தேக்கம் வரைக்கும் ரோட்டுல நடக்கலாமே? ஊருக்குக் கிழக்க சஞ்சீவி மலை இருக்கே? அங்கே புலி வருமா? ஒரே பள்ளிக்கூடத்துல பையன்களோட அணி போன வருஷம் போய்ட்டு வந்திருக்கு. புலிக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியும் போல.

மார்கழி இருட்டுல வீடு வீடாப் போய்த் தோழிகளை எழுப்பிக் கூட்டிட்டுக் குளிக்கப் போற பொண்ணைப் பத்திப் பாடினவளைக் கோவில் கட்டிக் கும்பிடற ஊருங்க இது. ஆண்டாளை நான் அணித்தலைவின்னுதான் சொல்லுவேன். அவ ஊர்ல 12 வயசுப் பொண்ணு விடிகாலைல ரோட்டுல நடக்க அனுமதி இல்லை.

டீச்சர்களைத் திட்டுறேன்னு நினைக்காதீங்க. அந்தக் கேப்டன் டீச்சர் நிலைமை எனக்குத் தெரியும். பாடம், பரீட்சை, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, இதுக்கு மேல சாரணியர் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா வீட்டுல சமையல் யாரு? ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்ச்சா, மறுநாள் ஊரே பள்ளிக்கூட வாசல்ல நிக்கும். பையனுக்குக் கால் ஒடிஞ்சா "ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்"னு போற அதே அப்பாக்கள், பொண்ணுக்குச் சிராய்ப்புன்னா அருவாளைத் தூக்கிட்டு வர்றாங்க. இதுல எந்த டீச்சர் துணிவாங்க? மைதானம், 7 நிமிஷம், போட்டோ. அதுதான் எல்லாருக்கும் பத்திரம்.

சான்றிதழ் முக்கியம்னு சொல்றவங்களையும் நான் கேலி பண்ண மாட்டேன். பிரதம் சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான், அப்புறம் ராஜ்ய புரஸ்கார், கடைசியில ராஷ்ட்ரபதி விருதுன்னு படி ஏறிப் போனா ரயில்வேயில சாரணர் ஒதுக்கீட்டுல வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பில்லாலையும் நூல் மில்லும் கூலி வேலையுமா இருக்கற வீட்டுப் பொண்ணுக்கு அது சின்ன விஷயமா? இல்லை. ஆனா அந்தப் படியை ஏற, முதல் படியில கால் வெச்சிருக்கணும்ல? அட்டைப் பெட்டியில போட்ட பேட்ஜை வெச்சு எந்தப் படி ஏறுறது? முகாம்ல வேற ஊர்ப் பொண்ணுகளோட போய் நின்னு, கூடாரம் அடிக்கத் தெரியாம முழிச்சு, கூனிக்குறுகித் திரும்பி வர்றது நம்ம பிள்ளைதான்.

சாரணர் இயக்கம் நம்ம டிவிக்காரங்க கண்ணுல பட்டதே 2017 செப்டம்பர்லதான். மாநிலத் தலைவர் பதவிக்கு எச்.ராஜா நின்னு தோத்தாரு, விவாதமோ விவாதம். நான் பார்த்த எந்த விவாதத்துலயும் சாரணியர்ங்கற சொல்லே வரலை. 2025 ஆரம்பத்துல மணப்பாறையில வைரவிழா ஜாம்போரி நடந்துச்சு. நாடு பூராவுமிருந்து பிள்ளைக வந்தாங்க, முதலமைச்சர் வந்தாரு. நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரு வாரக் கொண்டாட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது வாரா வாரம் நடக்க வேண்டிய கம்பெனிக் கூட்டம். அணித்தலைவிகள் உட்கார்ந்து அடுத்த வாரம் என்ன செய்யணும்னு அவங்களே முடிவு பண்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, கோர்ட் ஆஃப் ஹானர்னு பேரு. எங்க அக்கா பொண்ணுகிட்ட கேட்டேன். "அப்படின்னா கேஸ் போடறதா சித்தி?"ங்கறா.

அன்னைக்குச் சாயங்காலம் அவளைக் கூட்டிட்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். பச்சைத் துணி ஒரு மீட்டர். வீட்டுக்கு வந்து குறுக்க வெட்டினா ரெண்டு முக்கோணம். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. ஓரம் அவளே தைச்சா, கோணல்மாணலா. என் கையை ஒடிஞ்ச கைன்னு வெச்சுக்கிட்டுக் கட்டச் சொன்னேன். ஆறாவது தடவை ஒழுங்கா வந்துச்சு. ராத்திரி கழுத்துல கட்டிக்கிட்டே தூங்கினா.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு முடங்கியார் ரோட்டுல நீர்த்தேக்கம் வரைக்கும் நடக்கறோம். இப்போதைக்கு நான், அக்கா பொண்ணு, அவ தோழிகள் நாலு பேரு, அதுல ரெண்டு பேரோட அம்மாக்கள். ராஜபாளையத்துல இருக்கறவங்க பொண்ணுகளை அனுப்பலாம், கூட வரவும் செய்யலாம். தண்ணி பாட்டில், தொப்பி, ஷூ, ரெண்டு பாகம் நீளத்துக்குப் பருத்திக் கயிறு, இட்லி எதுல வேணும்னாலும் கட்டிக்கலாம், பிளாஸ்டிக் வேண்டாம். துப்பட்டா அவங்கவங்க இஷ்டம். நாப்கின் என் பையோட வெளி ஜிப்புல இருக்கும், யாரும் என்கிட்ட கேக்க வேண்டியதில்லை.

அந்த முடிச்சுக்காரி இப்ப சிவகாசியில இருக்கா. போன வாரம் நம்பர் கிடைச்சுது. இன்னும் பேசலை. ஞாயித்துக்கிழமைக்குள்ள பேசிடணும்.